பெரியப்பா ஜோடி பிடித்த கிராபிக்ஸ் கார்டு

என் கணவரின் தாய்மாமன் அய்யலூர்ச் சந்தையில் ஆட்டு வியாபாரி. கணவருக்கு மாமா என்றால் எனக்கு முறைப்படி பெரியப்பா. அவர் கை படாமல் எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருளும் வந்ததில்லை. பிரிட்ஜ், பைக், மாமியாரின் மூக்குக்கண்ணாடி எல்லாமே அவர் பேரம் பேசி முடித்தவை. நானும் அந்த வரிசையில் வந்தவள்தான். பெண் பார்க்க வந்த அன்று, "எங்க, நம்ம தாயி செத்த சிரிக்கட்டும்" என்றார். இவ்வளவு பாசமான மனிதரா என்று நானும் வாய் நிறையச் சிரித்துவைத்தேன். கல்யாணமான பிறகு ஒரு சந்தை நாளில், அவர் ஒவ்வொரு கிடாயாக உதட்டைத் தூக்கிப் பல் பார்த்து வயசு சொல்வதைப் பார்த்தேன். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ஊர் சாணார்பட்டிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு அலுவலகத்தில், இன்னும் கட்டாத கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் கட்டி, உள்ளே நடந்து போய்ப் பார்ப்பது போல வீடியோ செய்யும் வேலையில் இருந்தேன். அந்தக் கம்ப்யூட்டரைச் சீர்வரிசையோடு சேர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பீரோவைத் தட்டிப் பார்த்தவர்கள், கட்டிலை ஆட்டிப் பார்த்தவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெங்காய மூட்டை அடுக்கும் அறையில் ஒரு மூலை கிடைத்தது. திண்டுக்கல்லில் இருக்கும் சில இன்ஜினியர்களுக்கு வீட்டு முகப்புப் படம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் அதற்கு வேலை என்று பெயர் கிடையாது. யாராவது வந்து மருமகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் மாமியார், "சும்மாதான் இருக்கு. கம்ப்யூட்டர்ல என்னமோ பாத்துக்கிட்டு இருக்கும்" என்பார். அந்த 'என்னமோ' காதில் விழும்போதெல்லாம் என் கீபோர்டு அடி வாங்கும்.

சும்மா இருக்கிற மருமகளுக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று மாமியார் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையிடம் சொல்லி, ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் வேலை பேசி முடித்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். எனக்காக ஒரு பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டு மடித்தும் வைத்துவிட்டார். அதே சமயத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. ஒரு கல்யாண மண்டபத்தின் வரைபடத்தை அனுப்பி, இதைச் செய்து காட்டு, பிடித்திருந்தால் வீட்டிலிருந்தபடியே நிரந்தர வேலை என்றது. அவர்களும் அதே திங்கட்கிழமையைத்தான் கெடுவாகச் சொன்னார்கள். ஆக, மண்டபம் சரியாக வந்தால் எனக்கு என் வேலை. வராவிட்டால் பள்ளிக்கூடம். என் கோபத்தோடு நான் ஆறாம் வகுப்புக்குள் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளுக்காகவாவது கடவுள் என்னைக் கோயம்புத்தூரோடு சேர்த்துவைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மண்டபம் நன்றாகத்தான் எழும்பியது. தூண் வந்தது, மேடை வந்தது, தொங்கு விளக்கு வந்தது. நாற்காலிகளைப் போட்டதும் கம்ப்யூட்டர், நினைவகத்தில் இடம் போதவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டு, அதாவது படத்துக்கான கணக்கை மட்டும் போடும் பலகை, ஏழு வருசத்துப் பழசு. நான் நாற்காலிகளைக் குறைத்தேன். பூவைக் குறைத்தேன். விளக்கைக் குறைத்தேன். குறைக்கக் குறைக்க அது கல்யாணம் நின்றுபோன மண்டபம் மாதிரி ஆகிவிட்டது.

புதுக் கார்டு ஒன்று வாங்க வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். கணவர் திண்டுக்கல்லில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையில் இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டால் அந்தத் துறையில் பெரிய நிபுணர். அன்றைக்கும் பார்த்திருந்தார்.

"புதுசு எதுக்கு? இதே மாதிரி பழசு இன்னொன்ன வாங்கி, ரெண்டையும் ஒரு பட்டை போட்டு இணைச்சுட்டா டபுள் ஆயிரும். ஒத்த மாடு இழுக்கலைன்னா இன்னொரு மாட்டப் பூட்டுறது. இதுல என்ன இருக்கு?"

"இது இழுக்குற விசயம் இல்லைங்க, புடிக்கிற விசயம்" என்றேன். "நாலு படி சட்டி ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சா எட்டுப் படி அண்டா ஆயிருமா? முழு மண்டபமும் ஒவ்வொரு கார்டுக்குள்ளயும் எறங்கணும். பாதி பாதியா எறங்காது."

மாமியார் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ரெண்டு சட்டியிலயும் தனித்தனியா வடிச்சாப் போச்சு" என்றார்.

சோற்றைப் பிரித்து வடிக்கலாம், மண்டபத்தைப் பிரித்து வடிக்க முடியாது என்று நான் விளக்குவதற்குள் கணவர் பெரியப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார். ஜோடி என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

ஜோடி பிடிப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. கையில் இருப்பதைப் பார்க்காமல் சேர்க்கப்போவதைப் பார்க்க மாட்டார். கம்ப்யூட்டரைத் திறந்து கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். தோள் துண்டை விரித்து அதன்மேல் வைத்தார். சாண் போட்டு நீளம் பார்த்தார். தூக்கி எடை பார்த்தார். திருப்பினார். கார்டின் அடியில், கம்ப்யூட்டருக்குள் பொருந்துகிற இடத்தில், தங்க நிறத்தில் ஒரு வரிசைக் கோடுகள் இருக்கும். அதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பல்லு நல்லாத்தான் இருக்கு. வயசென்ன தாயி?"

"ஏழு வருசம் பெரியப்பா."

"ஏழா! ஆட்டுல ஏழு வயசுன்னா கறிக்குக்கூட ஆகாதே."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

நாகல் நகரில் ஒரு பையன் அதே கார்டை விற்கிறான் என்று கணவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். மூவரும் பஸ்ஸில் போய் இறங்கி, ஆட்டோ பிடித்து, அந்த மாடி வீட்டுக்குப் போனோம். பையன் என்றால் படிப்பு முடித்தவன். அன்றைக்குச் சாயங்காலமே ஓசூருக்கு வேலைக்குக் கிளம்புகிறான். அவனுடைய அம்மா என்னை நேராக அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கார்டை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கையில் காப்பியைக் கொடுத்து, கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சு, விசேஷம் ஏதும் உண்டா என்றுதான் கேட்டார். நான் காப்பியை ஊதிக்கொண்டே கதவு இடுக்கு வழியாக முன்னறையைப் பார்த்தேன்.

பெரியப்பா கார்டின் பல்லைப் பார்த்து முடித்துவிட்டார். "ஓடுனா சூடு ஆகத்தான் செய்யும். நின்ன எடத்துல சூடு ஆவுதா? அதச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பையன் இல்லை அங்கிள், இல்லை அங்கிள் என்றான். பிறகு பெரியப்பா தோள் துண்டை எடுத்து அவன் கையின் மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். எந்த விரலைப் பிடிக்கிறார், எத்தனை தடவை அமுக்குகிறார் என்பதெல்லாம் ஒரு கணக்கு. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது. இங்கே பக்கத்தில் நின்றது என் கணவர் மட்டும்தான். பையனுக்கோ அந்தக் கணக்கில் அரிச்சுவடியும் தெரியாது. முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் துண்டுக்கடியில் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாரே என்று திருதிருவென விழித்தான். பெரியப்பா மறுபடி அமுக்கினார். கை கிடைத்தால் போதும் என்று அவன் தலையை ஆட்டிவிட்டான்.

"முடிஞ்சது" என்றார் பெரியப்பா. நானும் கணவரும் ஆட்டோ பிடிக்கக் கீழே இறங்கினோம். அந்தக் கொஞ்ச நேரத்தில் மேலே என்ன நடந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் இரண்டு கார்டையும் கம்ப்யூட்டருக்குள் ஒன்றன் கீழ் ஒன்றாக மாட்டினேன். கணவர் பையைக் கவிழ்த்துத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"மாமா, இணைக்கிற பட்டை எங்க? இம்புட்டு நீளத்துல கறுப்பா, மெல்லிசா இருக்குமே. தாரேன்னு அந்தத் தம்பி சொன்னானே."

"கயிறா?" என்றார் பெரியப்பா. "குடுத்தான். நான்தான் அவுக ஆத்தா கையிலயே திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்."

கணவர் பையைக் கீழே போட்டார். பெரியப்பாவுக்கு இதில் எந்தச் சிக்கலும் தெரியவில்லை. மாடோ ஆடோ விற்கிறவர்கள் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிறு போனால் தொழுவத்து லட்சுமி கூடவே போய்விடும். வாங்குகிறவன் தன் கயிற்றோடுதான் சந்தைக்கு வர வேண்டும். அந்தப் பையன் சின்னப்பிள்ளை, விவரம் தெரியாமல் கொடுக்கிறான், அதற்காக நாம் வாங்கிக்கொண்டு வரலாமா என்றார்.

எனக்கு வந்த கோபத்தில், "அது கயிறு இல்ல பெரியப்பா, உங்க மருமகன் நம்பிப் போனதே அதத்தான்!" என்று கத்திவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "நம்ம தேவைக்காக இன்னொருத்தர் வீட்டக் காலி பண்ண முடியுமா தாயி?" என்று கேட்டார். நான் வெங்காய அறைக்குள் போய்விட்டேன்.

மறுநாள் கணவர் நாகல் நகருக்குப் போன் போட்டார். பையன் ஓசூர் போய்விட்டான். அம்மாதான் எடுத்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அந்தப் பெரியவரு, இது உங்க வீட்டு லட்சுமி, பத்திரமா வச்சுக்கங்கன்னு சொல்லி என் கையில குடுத்தாரு. சாமி படத்துக்குக் கீழ வச்சு மஞ்ச குங்குமம் வச்சிருக்கேன். பிள்ள வேலைக்குப் போயிருக்க நேரத்துல எடுத்துக் குடுக்கச் சொல்றீங்களே, நல்லா இருக்கா?"

"நல்லா இல்லைங்க" என்று கணவர் ஒப்புக்கொண்டு போனை வைத்தார். மின்சாரம் ஓட வேண்டிய பட்டை குங்குமத்தோடு நாகல் நகரில் இருந்தது. கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பட்டை இல்லாமயே ஓட்டிக் காட்டுறேன், பாருங்க" என்றேன். நான் செய்யும் வேலைக்கு அந்தப் பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு கார்டும் தனித்தனியாக ஓடத்தான் செய்யும். இடம் மட்டும் சேராது. இதை நான் முதலில் சொன்னபோது ரசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சுவிட்சைப் போட்டேன். இரண்டு கார்டின் காற்றாடிகளும் சேர்ந்து கதிரடிக்கும் மெஷின் மாதிரி இரைந்தன. வெங்காயத் தோல்கள் பறந்தன. அந்த நேரம் பார்த்து மாமியார் அடுப்படியில் மிக்ஸியைப் போட்டார். வீடு மொத்தமும் அணைந்தது.

பியூஸ் போட்டு, பாதி அரைந்த சட்னியைப் பற்றி மாமியார் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, மறுபடி ஓட்டினேன். முன்பு ஒரே ஒரு வரி வரும், இடம் போதவில்லை என்று. இப்போது இரண்டு வரி வந்தது. முதல் கார்டில் இடம் போதவில்லை. இரண்டாவது கார்டில் இடம் போதவில்லை.

கணவர் இரண்டு வரிகளையும் குனிந்து படித்தார். "அப்ப, பட்டை இருந்திருந்தாலும்...?"

"இருந்திருந்தாலும் இதேதான்."

இரண்டு வரியையும் விரல் வைத்து மறுபடி படித்தார். பிறகு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அடுத்த தெருவுக்குக் கேட்டதாக மாமியார் சொன்னார்.

விஷயத்தைக் கேட்ட பெரியப்பா வாடிப்போனார். "நான் புடிச்ச ஜோடி சேரலைன்னு ஒருத்தரும் சொன்னதில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த சந்தை நாளில் இரண்டு கார்டையும் மஞ்சப்பையில் போட்டு அய்யலூருக்குக் கொண்டுபோய்விட்டார். ஆட்டுச் சந்தையில் கிராபிக்ஸ் கார்டை யார் வாங்குவார்கள் என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே போன் வந்தது. பின்னால் ஏகப்பட்ட ஆடுகள் கத்தின.

"தாயி, காதுகுத்துக்குக் கெடா வாங்க ஒருத்தர் வந்திருக்காரு. கல்யாண வீடியோ எடுக்குறவராம். இதுல எம்புட்டு ஜிபின்னு கேக்குறாரு."

"நாலு" என்று கத்தினேன்.

"ரெண்டும் சேந்து எட்டான்னு கேக்குறாரு."

"இல்ல, நாலுதான்!"

"கேட்டீங்களா? ஜோடியா கட்டாதீங்க, சேராது. அனுபவத்துல சொல்றேன். தனித்தனியா கட்டுங்க" என்று அவர் அந்த ஆளிடம் சொல்வது எனக்குக் கேட்டது. அந்த ஆளிடம் இரண்டு கம்ப்யூட்டர் இருந்திருக்கிறது. கார்டுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன் என்று, கிடாயோடு சேர்த்து இரண்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

புதுக் கார்டு வாங்க நானும் கணவரும் மட்டும் திண்டுக்கல் கடைக்குப் போனோம். சீல் வைத்த பெட்டியில் பல் பார்க்க முடியாது, நான் எதற்கு என்று பெரியப்பா ஒதுங்கிக்கொண்டார். பைக் டயர் மாற்ற வைத்திருந்த பணத்தையும் கணவர் என்னிடம் சொல்லாமல் போட்டார். வழுக்கை டயரோடு வீட்டுக்கு மெதுவாக ஓட்டி வந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் நத்தத்து ரோட்டிலேயே போய்விட்டது. ஆனால் சொல்லிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை அதை மாட்டினேன். நீளம் அதிகம், கம்ப்யூட்டரின் பக்கக் கதவு மூடவில்லை. திறந்தே விட்டேன். நாற்காலிகளைப் போட்டேன். நின்றது. பூவைப் போட்டேன். நின்றது. குறைத்த விளக்கையெல்லாம் திரும்ப ஏற்றினேன். மண்டபம் மொத்தமும் ஒரே கார்டுக்குள் இறங்கியது. கதவு திறந்தது. நான் உள்ளே நடந்து போனேன். எனக்கு அந்த நேரத்தில் வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்று கூட வந்ததா என்று சந்தேகம்தான்.

குழம்புக்கு வெங்காயம் எடுக்க வந்த மாமியார் அப்படியே நின்றுவிட்டார். "இது யாரு கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல அத்தை. மண்டபம்."

"எங்கன இருக்கு?"

"இன்னும் கட்டல. கட்டுனா எப்படி இருக்கும்னு நான் காட்டுறேன்."

மடியில் வெங்காயத்தோடு திரைக்குக் கிட்டே வந்தார். மேடையைப் பார்த்தார். பந்தி நடக்கும் கூடத்தைப் பார்த்தார். "சாப்டுட்டு எங்க போயி கை கழுவுறது?" என்றார்.

கோயம்புத்தூர்க்காரர்களின் வரைபடத்தில் அதற்கு இடம் குறித்திருந்தார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் விட்டிருந்தேன். அவர் பார்க்கவே தொட்டியும் குழாயும் வைத்தேன். "செத்த எறக்கி வையி, பிள்ளைகளுக்கு எட்டணும்ல" என்றார். இறக்கினேன். பிறகு வெங்காய மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் கூடத்துக்குள் வழியாமல் ஒரு வரப்பு வைக்கச் சொன்னார். அன்றைக்குக் குழம்பு தாமதம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தை வீடியோவாக மாற்ற ஓட்டினேன். அது முடிய ஒரு பகல் முழுக்க ஆகும். இடையில் பியூஸ் போனால் எல்லாம் போச்சு. யாரும் சொல்லாமலே மாமியார் மிக்ஸி வயரைப் பிடுங்கி வைத்தார். இஸ்திரிப் பெட்டியை எடுத்த கணவரை ஓர் அதட்டு அதட்டினார். பிறகு வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவ ஆரம்பித்தார்.

கோயம்புத்தூரிலிருந்து நல்ல பதில் வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது வந்தது அந்த வாரக் கடைசியில். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மதியத்துக்கு மேல் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, நாளைக்கு வந்து சேர்வதை உறுதிப்படுத்திக்கொள்ள வந்திருந்தார். வீடியோ எவ்வளவு முடிந்தது என்று காட்டித் திரையில் நகரும் பச்சைக் கோட்டைப் பார்த்தபடி நான் அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ச் சரி என்று சொல்வதா, முடியாது என்று சொல்வதா என்று தெரியவில்லை. மாமியார் பேசுவது கேட்டது.

"நாளைக்கு வராதும்மா. வேற ஆளப் பாத்துக்கங்க. அதுக்கு மண்டபத்துல வேலை இருக்கு."

"எந்த மண்டபத்துல?"

"இன்னும் கட்டல."

"கட்டாத மண்டபத்துல என்னம்மா வேலை?"

"கட்டுன பெறகு செய்யுற வேலைய எல்லாரும் செய்வாக" என்றார் மாமியார். "கை கழுவுற எடம் நான் சொல்லித்தான் வச்சிருக்கு."

ஸ்கூட்டி போன பிறகு அவர் அறைக்குள் தலையை நீட்டினார். உருவிய கீரை அப்படியே கையில் இருந்தது. வாசலில் பேசிய தைரியம் முகத்தில் இல்லை.

"பள்ளிக்கூடம் போச்சு. இது கெடச்சுரும்ல?"

"தெரியல அத்தை" என்றேன். கண் நிறைந்துவிட்டது.

அவர் பச்சைக் கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நீ வேலையப் பாரு" என்று சொல்லி, சத்தம் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.